கயிறு எட்டாத இடம்

வந்ததுதான் வந்தார்கள், ஒரு போன் பண்ணிவிட்டு வந்திருக்கக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை காலை, பல்லி அத்தை பழைய கால்சட்டையை முட்டிக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு மூட்டுவலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பாறையேற்றச் சங்கத்திலிருந்து மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். செயலாளர் முன்னால், பிஸ்கட் பொட்டலத்தோடு. மற்ற இருவரும் பின்னால், யார் முதலில் உள்ளே போவது என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு.

பல்லி அத்தை என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் தெரியும். செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு ஏறுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். பிறகு பேப்பரில் படம் வந்தது, அதே பெயரை மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். உலகம் அப்படித்தான், விடுங்கள்.

"சொல்லுங்க, என்ன விஷயம்?" என்றாள் அத்தை, கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "பெரிய பாறையில உங்க பாதை இருக்கில்லம்மா... மேல, வெடிப்பு முடிஞ்சு ஒரு வழுக்கல் வருமே, அங்க போன வருஷம் ஒருத்தருக்கு இடுப்பு போயிடுச்சு. இந்த வருஷம் இன்னொருத்தருக்குக் கை. அதனால அங்க டிரில் போட்டு, கயிறு மாட்ட நாலு போல்ட் அடிக்கலாம்னு சங்கத்துல பேசினோம். நீங்க சரின்னு சொன்னாதான்."

சொல்லாமல் அடிக்க முடியாது. பாறையேறிகளிடம் எழுதாத ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பாதையில் முதன்முதலில் முன்னால் ஏறியவர் எப்படி ஏறினாரோ, அப்படியே அதை விட்டுவைக்க வேண்டும். ஓட்டை போடுவதென்றால் அவர் வாயால் சம்மதம் வர வேண்டும். அவர் முடியாது என்றால் முடியாதுதான், மேல்முறையீடெல்லாம் கிடையாது.

"முடியாது," என்றாள் அத்தை.

"கொஞ்சம் யோசிச்சு..."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பாறையில ஒரு ஓட்டை போடாம நான் ஏறினேன். உங்களால முடியலன்னா ஏறாதீங்க. கீழ நின்னு போட்டோ எடுத்துக்கங்க, நல்லாத்தான் இருக்கும்."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் கண்ணாடி போட்டவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லம்மா, இன்னொரு விஷயம். உங்க காலத்துக் கயிறு குட்டையானதுதானே? போன வாரம் நாங்க அளந்து பார்த்தோம். கீழ நிக்கிற திட்டுலேருந்து உச்சி மரம் வரைக்கும் அந்தக் கயிறு எட்டவே எட்டாது. நீங்க நடுவுல எங்க நின்னீங்க?"

"எங்கயும் நிக்கல. ஒரே மூச்சுல போனேன்."

செயலாளர் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்கள் நம்பவில்லை என்பது அத்தைக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் கழித்து, தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தன்னைப் பொய்க்காரி என்று சொல்லாமல் சொல்கிறார்களே! சாயங்காலம் போன் பண்ணுவதாகச் சொல்லி அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டதே அவளுக்குப் பெரிய பொறுமை.

அடுப்படியில் அண்ணி தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தவளும் அவள்தான். மூவரில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அத்தை அப்போது கவனிக்கவும் இல்லை.

அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் நாத்தனாரும் அண்ணியும் மட்டும்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்கிறார்களே என்று அக்கம்பக்கத்தில் இன்னமும் ஆச்சரியப்படுகிறார்கள். ஒரே கயிற்றின் இரண்டு முனையில் பாதி ஆயுளைக் கழித்தவர்களுக்குச் சண்டை போட எங்கே நேரம்?

எல்லாம் அண்ணனின் லேத்துப் பட்டறையில் ஆரம்பித்தது. அந்த இடத்தை நினைத்தால் அத்தைக்கு இன்றைக்கும் மூக்கில் மெஷின் ஆயில் வாசனை வந்துவிடும். தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல், மூலையில் வேஸ்ட் துணி மூட்டை, பூரா நாளும் ஓயாத பெல்ட் சத்தம். அவள் அங்கே கணக்கும் பார்ப்பாள், ஆள் வராத நாளில் மெஷினும் ஓட்டுவாள். பாறையேறும் சாமானெல்லாம் அப்போது எந்தக் கடையில் கிடைத்தது? லாரிக்குப் போடும் பெரிய நட்டுகளை எடுத்து, உள்ளே இருக்கிற மரையை அரத்தால் ராவி வழவழப்பாக்கி, அதில் கயிற்றுத்துண்டைக் கோத்து முடிச்சுப் போடுவாள். பாறை வெடிப்பில் அந்த நட்டைச் செருகி ஒரு இழு இழுத்தால் ஆப்பு வைத்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அதில் கயிற்றை மாட்டிக்கொண்டு மேலே போக வேண்டியதுதான். "நட்டுல மரையை எடுத்தா இவளுக்கு மரை கழண்டுடுச்சு" என்று பட்டறை ஆட்கள் சிரிப்பார்கள்.

அண்ணன் கூட வந்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். அவருடைய நண்பர்களோ, ஒரு பெண் முன்னால் ஏற, தாங்கள் பின்னால் ஏறுவதா என்று மீசையைத் தடவினார்கள். "நான் வரேன்," என்றாள் அண்ணி. கல்யாணமாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. புதுசாக வந்தவள், மறுக்கத் தெரியாமல் சொல்கிறாள் என்றுதான் அத்தை நினைத்தாள். ஆனாலும் ஆள் கிடைத்ததே போதும் என்று அண்ணனின் பழைய பேன்ட் ஒன்றை இடுப்பில் கயிறு கட்டி மாட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமைகள்! பட்டறையை மூடிவிட்டுக் கடைசி பஸ் பிடிப்பார்கள். ஒரு அளவு சின்னதாக வாங்கின கான்வாஸ் ஷூ, கால்விரலெல்லாம் நசுங்கும். மடியில் நட்டு மூட்டை கலகலவென்று சத்தம் போடும். அத்தை முன்னால் ஏறி நட்டு செருகிக்கொண்டே போவாள். அண்ணி கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டி, தன்னைப் பாறையோடு பிணைத்துக்கொண்டு கீழே நின்று கயிறு விடுவாள், அத்தை வழுக்கினால் பிடிப்பாள். அத்தை மேலே போய்க் கட்டிக்கொண்ட பிறகு அண்ணி ஏறி வருவாள். வரும்போது ஒவ்வொரு நட்டையும் வளைத்த கரண்டிக் காம்பால் நெம்பிக் கழற்றிக்கொண்டு வருவாள். போன தடமே பாறையில் தெரியக் கூடாது. ஒரு நட்டு மாட்டிக்கொண்டால்கூட விட மாட்டாள், அதோடு பேசிக்கொண்டே நெம்புவாள், அடம் பிடிக்கிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி.

அண்ணன் அடிவாரத்தில் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போகிற வருகிறவர்களிடம், "மேல ரெண்டு பொம்பளைங்க இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டுக்கொள்வார். இருக்கிறார்கள் என்றால் ஒரு சிகரெட் பற்றவைப்பார். பெரிய பாறையில் ஏறிய அன்று அவர் மடியில் பல் முளைக்காத மகள் வேறு.

அந்த நாளைத்தான் அத்தை ஆயுசு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். வேறு எவ்வளவோ பாறைகள் ஏறினாள், வெளியூர்க்காரர்கள் தேடி வந்தார்கள், சங்கமே அவளைப் பார்த்துத்தான் உண்டானது. ஆனால் பெரிய பாறை பெரிய பாறைதான். வெடிப்பு முடிந்தது. கடைசி நட்டைச் செருகினாள். அதற்கு மேலே வெறும் வழுக்கல், விரல் நுழைய இடமில்லை. பாறை தொப்பை போலப் புடைத்திருந்ததால் கீழே ஒன்றும் தெரியவில்லை. "கயிறு விடுங்க அண்ணி!" என்று கத்தினாள். ஒரு கணம் கயிறு விறைத்தது. பிறகு மெல்ல மெல்ல வந்தது. மரத்தைத் தொட்டபோது அழுகையே வந்துவிட்டது. அண்ணியைக் கூப்பிட்டதும் கிடுகிடுவென்று வந்து சேர்ந்தாள். "எங்க அண்ணி அன்னிக்குப் பறந்து வந்தாங்க" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்வாள். பேப்பரில் வந்த படத்தில் அத்தையும் மரமும் மட்டும் இருந்தார்கள்.

"என்ன திமிரு பாருங்க அண்ணி!" இப்போது அடுப்படி வாசலில் நின்று பொரிந்தாள். "டேப்பு வச்சு அளந்தாங்களாம். கயிறு எட்டாதாம். எட்டாம நான் என்ன பறந்தா போனேன்? போல்ட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உங்க பொண்ணு அடுத்த மாசம் அதுல ஏறப் போறா, அதுக்காக நீங்க கேட்டீங்கன்னா வேற விஷயம். உங்களுக்காக மனசைக் கல்லாக்கிட்டு சரின்னு சொல்றேன். இவங்களுக்காகச் சொல்ல மாட்டேன்."

அண்ணி கடைசித் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கயிறு எட்டலதான்," என்றாள்.

"என்னது?"

"எட்டல. நீ கயிறு விடுன்னு கத்தினப்போ எங்கிட்ட விடறதுக்குக் கயிறே இல்ல. முனை வரைக்கும் வந்திடுச்சு. நீ இறங்கவும் முடியாது, அந்த வழுக்கல்ல நிக்கவும் முடியாது. எவ்வளவு நேரம் தாங்குவ? அதான், என்னைப் பாறையோட கட்டியிருந்த கட்டை அவுத்துட்டு நானும் ஏற ஆரம்பிச்சேன்."

அண்ணி பாறையோடு கட்டியிருக்கிறாள், வழுக்கினால் பிடிப்பாள் என்ற தைரியத்தில்தானே அத்தை ஒவ்வொரு அடியும் வைத்தாள்? பிடிக்க யாருமே இல்லையா?

"அந்தக் கடைசி நட்டு?" என்று கேட்டாள்.

"கயிறு அதுல மாட்டியிருந்தா நான் எப்படித் தாண்டி வர்றது? கழட்டிட்டுத்தான் வந்தேன்."

"அண்ணி! நான் ஒரு சின்ன வழுக்கு வழுக்கியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம்! கீழ குழந்தை இருந்துச்சே!"

"ஆமா, இருந்தா. வழுக்கல் பாதியில ஒரு சாண் அகலத்துக்கு ஒரு மேடு இருக்கு, நீ அதை மிதிச்சுட்டு நிக்காம போயிட்ட. நான் அங்க வந்து நின்னேன். கட்டிக்க ஒண்ணும் இல்ல. நீ மரத்துக்குப் போய்க் கூப்பிடற வரைக்கும் அவளையேதான் நினைச்சுட்டு நின்னேன். அழல. அழுதா கண்ணு தெரியாது பாரு."

"ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"

அண்ணி அவளை நேராகப் பார்த்தாள். "சொல்லியிருந்தா அடுத்த சனிக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போயிருப்பியா? குழந்தைக்காரி, வேணாம்னு வேற யாரையாவது தேடியிருப்ப. எனக்கு ஏறணும்டி. உனக்காகவா வந்தேன்னு நினைச்சுட்டிருக்க?"

அத்தை அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூட்டுவலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதாள். அண்ணி தடுக்கவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் அத்தைதான் செயலாளருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்து நடுவில் மேஜைமேல் வைத்தாள்.

"நீங்க அளந்தது சரி. கயிறு எட்டல," என்றாள். எப்படி ஏறினார்கள் என்பதை ஒன்று விடாமல் சொன்னாள். "முதல்ல ஏறினவங்ககிட்டதானே சம்மதம் கேக்கணும்? எங்கண்ணிகிட்ட கேளுங்க."

"அம்மா... சொல்லுங்கம்மா," என்றார் செயலாளர், புதிதாக ஒருவரிடம் பேசுகிற குரலில்.

அண்ணி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "வழுக்கல் பூராவும் வேணாம். அதை ஏறத் தெரிஞ்சவங்க ஏறட்டும், என் பொண்ணும் சேர்த்துதான். பாதியில இடது பக்கம் ஒரு சின்ன மேடு இருக்கும், மேல கறுப்பா ஒரு கோடு ஓடும். அந்த மேட்டுல ஒண்ணு போடுங்க. முன்னாடி போறவங்க அங்க நின்னு, கட்டிட்டு, பின்னாடி இருக்கிறவங்களைக் கூப்பிடட்டும். யாரும் கட்டை அவுக்கிற மாதிரி வரக் கூடாது. ஒண்ணே ஒண்ணு போதும்."

"சரிங்கம்மா. அப்படியே செய்றோம்."

"இன்னொண்ணு," என்று அத்தை குறுக்கே புகுந்தாள். "உங்க வழிகாட்டிப் புத்தகத்துல அந்தப் பாதைக்கு நேரா என் பேரு மட்டும் போட்டிருக்கு. எங்கண்ணி பேரையும் போடுங்க. என் பேருக்கு முன்னாடி போடுங்க."

"முன்னாடியெல்லாம் வேணாம்," என்றாள் அண்ணி. "நான் பின்னாடிதானே வந்தேன்."

செயலாளர் சரி என்று சொல்லி வைக்கப் போனார். அண்ணி போனைக் கையில் எடுத்து வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா கண்டிப்பா போடுங்க," என்றாள்.