கேக்கில் ஒன்றும் இல்லை

சனிக்கிழமை என்றால் அந்த நாலாம் மாடி வீட்டில் காலையிலேயே ஓவன் சூடேறிவிடும். வாரம் முழுக்க வங்கிக் கவுன்ட்டரில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டிருக்கும் அந்த வீட்டுக்காரி, கையில் கரண்டி வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவாள். நண்பர்கள் அவளுக்குக் கேக்கரசி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் அவள் தலைக்கு ஏறி வெகுகாலம் ஆகிவிட்டது.

சனி மதியம் சூப், வறுத்த கோழி. ஞாயிறு மாலை புட்டிங், ஐஸ்கிரீம், கடைசியில் அவள் கேக். அவளும் கணவனும் போக, வழக்கமாக வருகிறவர்கள் மருந்துக்கடைக்காரரும் லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும்தான். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மொட்டைமாடி மோட்டார் அறையில் போய் உட்கார்ந்துகொள்வதால் மெக்கானிக்குக்கு உச்சாணி என்று பெயர். இந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்புதான். "என் லிஃப்டுல இறங்கினா யாருக்கும் கால் தடுக்காது" என்று சொல்லிக்கொள்வார். உண்மையும் அதுதான்.

உச்சாணி குடியை விட்டவர். லேசில் விட்டதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கை கால் உதற, இல்லாத பூச்சிகளைச் சுவரில் பார்த்து அலறி, பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைக் கெஞ்சிக் கூட்டிவந்து, அப்படி விட்டது. அதற்குப் பிறகு கேக்கரசி வீட்டு மேசையில் யாரும் பாட்டிலை எடுத்து வைத்ததில்லை.

கேக்கரசிக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. அவளுக்குப் பெயர் வாங்கித் தந்ததே ரம்மில் ஊறிய திராட்சைக் கேக். உச்சாணிக்காக அதைச் செய்யாமலே இருந்தாள். "கேக் நல்லாதான் இருக்கு. பழைய ருசி இல்லையே" என்று மருந்துக்கடைக்காரர் ஒருமுறை சொன்னது அவளுக்குள் முள்ளாய்த் தைத்துக்கொண்டது.

அந்த வாரம் திராட்சையை எடுத்து ரம்மில் போட்டாள்.

"உச்சாணி வர்றாருல்ல? ஆரஞ்சு ஜூஸ்ல ஊறவையேன்" என்றான் கணவன்.

"அது ஸ்கூல் பிள்ளைங்க கேக். ஓவன் சூட்டுல எல்லாம் ஆவியாயிடும், நீங்க சும்மா இருங்க."

ஆனால் கேக் வெந்த பிறகு குச்சியால் துளை போட்டு, மேலேயும் ரம் ஊற்றினாள். அது எந்தச் சூட்டில் ஆவியாகும்? சீக்கிரமே வந்துவிட்ட மருந்துக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கண்ணடித்தார். "ஒரு துண்டுல மனுஷன் கவுந்துடுவாரா? தாராளமா ஊத்து தாயே!" மருந்து விற்கிறவர் சொல்கிற பேச்சா இது? கணவனும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

ஞாயிறு மாலை உச்சாணி ஒரு வாய் எடுத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"தங்கச்சி, இதுல ஏதாவது இருக்கா?"

அவர் மனைவி சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் யாரும் உச்சாணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒன்னும் இல்லண்ணே. வெண்ணெய், முட்டை, திராட்சை. வேற என்ன இருக்கும்?"

அவர் தலையாட்டினார். இன்னொரு துண்டு கேட்டார், பிறகு இன்னொன்று. கேக்கரசிக்குப் பெருமை பிடிபடவில்லை. மிச்சத்தை நீல டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் உச்சாணியும் மனைவியும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. "மதுக்கடை வாசல்ல பார்த்தேன். விட முடியாத ஆளுங்க விட மாட்டாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர், புட்டிங்கை வழித்துக்கொண்டே. கேக்கரசி ஆமாம் என்று தலையாட்டினாள்.

அதிலிருந்துதான் லிஃப்ட் அவளைப் படுத்த ஆரம்பித்தது. யாரும் பட்டனைத் தொடாமலே நாலாம் மாடியில் வந்து நிற்கும். கதவு திறக்கும். உள்ளே ஆள் இருக்காது. கொஞ்ச நேரம் யாருக்கோ காத்திருப்பதுபோல் திறந்தபடியே இருந்துவிட்டு மூடிக்கொள்ளும். புதிதாக வந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, ஏதோ ஒயர் கோளாறு என்றார். அப்படியே இருக்கலாம். ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளிருந்து ஊறிய திராட்சை வாசனை வருவது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. கூடவே அந்தக் கேள்வியும் வரும். இதுல ஏதாவது இருக்கா?

ஒரு ஞாயிறு மதியம் கதவு திறந்தபோது உள்ளே ஆள் இருந்தது. உச்சாணியின் மனைவி. கையில் கழுவித் துடைத்த நீல டப்பா.

"குடுத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா."

"அண்ணன் எப்படி இருக்காரு, அண்ணி?"

"வேலையை விட்டுட்டாரு. குடிச்ச கையால லிஃப்டைத் தொட மாட்டேன்னு சாவியைக் கம்பெனியில குடுத்துட்டாரு. அந்த நல்ல புத்தி மட்டும் மிச்சம் இருக்கு."

"நல்லாதானே இருந்தாரு... எப்படி மறுபடியும்?"

அந்த அம்மாள் டப்பா மூடியைத் தடவினார். "இங்க கேக் சாப்பிட்டு வந்த அன்னைக்கு உக்காந்து அழுதாரு. 'ஒன்னுமே இல்லாத கேக்குல எனக்கு ரம் ருசி தெரியுது. தங்கச்சி பொய் சொல்லாது. அப்போ என் மண்டைதான் கெட்டுப்போச்சு. இது என்னை சாகுற வரைக்கும் விடாது, பிறகு எதுக்குப் போராடணும்'னாரு. மறுநாளே ஆரம்பிச்சுட்டாரு."

 கேக்கரசி வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த அம்மாளுக்குத் தெரியப் போவதில்லை. கணவன் வாசல்படியில் தலை குனிந்து நின்றான். லிஃப்ட் கதவு இன்னும் திறந்தே இருந்தது.

"நானும் வர்றேன் அண்ணி" என்று ஏறிக்கொண்டாள். கீழே லிஃப்ட் தரைக்கு ஒரு சாண் தாழ்ந்து நின்றது. இறங்கும்போது கால் தடுக்கியது.

அவர்கள் வீட்டில் உச்சாணி திரைச்சீலையை இழுத்துவிட்ட அறையில், அணைந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "அன்னைக்குக் கேக்குல ரம் இருந்துச்சுண்ணே. நான்தான் ஊத்தினேன். நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன்."

அவர் மனைவியின் கையிலிருந்து டப்பா விழுந்தது.  உச்சாணி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்குப் பதில் அவர் அடித்திருக்கலாம்.

"அப்போ என் நாக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு. என்னை நம்பாம உன்னைத்தானே நம்பினேன். கேட்டப்பவே ஆமான்னு சொல்லியிருந்தா, துப்பிட்டுத் தண்ணி குடிச்சிருப்பேன் தங்கச்சி. அவ்வளவுதான்."

"மன்னிச்சிருங்கண்ணே."

உச்சாணி மனைவியைப் பார்த்து, "அந்த ஆஸ்பத்திரி டாக்டர் நம்பர் இருக்கா? தேடு" என்றார்.  இந்தமுறை மீளுவாரா என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

வாசல் வரை வந்த மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "குடியை விட்டவனுக்கு உங்க பரிதாபம்கூட வேணாம்மா. அவன் வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க. இருக்கான்னு கேட்டா உண்மையைச் சொல்லுங்க. ஏமாத்தி ஊட்டுறதுக்குப் பேரு விருந்து இல்ல."