அறுபத்தாறு அடி

பந்தயத்தை ஆரம்பித்தது என் கணவன் எல்வின்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும், தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

"நாலு மணிக்குள்ள இந்த வாரப் புதிரை முடிச்சுட்டேன்னா, நாளைக்கு டாக்டர் கிடையாது. சரியா?"

"முடிக்கலைன்னா?"

"முடிக்கலைன்னா நீ எங்க இழுத்துட்டுப் போனாலும் வரேன். ஆட்டுக்குட்டி மாதிரி."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? போன செவ்வாய்க்கிழமை பால் வாங்கப் போனவன் மூன்று மணி நேரம் கழித்து வீடு வந்தான். கடை இருப்பது இரண்டு மைலில். வெர்மான்ட் மாநிலத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் பாதியை அளந்து கல் நட்ட சர்வேயர் அவன். கேட்டதற்கு, சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டது என்றான். மார்ச் மாதம், ஊரெல்லாம் சேறுதான். ஆனால் வண்டிச் சக்கரத்தில் சேறே இல்லை. அன்றே நரம்பு டாக்டருக்குப் போன் செய்துவிட்டேன்.

எல்வினின் புதிர் சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை. மேலே ஒரு பெரிய கட்டம். யாரோ எழுதிய ஒரு வாசகம் அதற்குள் ஒளிந்திருக்கும். கீழே இருபத்திரண்டு குறிப்புகள். ஒவ்வொரு விடையின் எழுத்தையும் எண் பார்த்து மேலே கொண்டுபோய்ப் போட வேண்டும். ஒரு விடை தப்பினால் மேலே ஏழெட்டு வார்த்தை நாறிவிடும். என்னைக் கேட்டால் இது மனிதனைச் சித்திரவதை செய்யக் கண்டுபிடித்தது. நாற்பது வருடமாக ஞாயிறு மதியங்களை இது தின்றிருக்கிறது.

அதிலும் அவனுக்கு வீராப்பு. பென்சில் தொடமாட்டான், பேனாதான். புதிர்ப் புத்தகம் வாங்கிய அன்றே, கடைசியிலுள்ள விடைப் பக்கங்களின் ஓரத்தில் ஸ்டேப்ளரால் பின் அடித்து மூடிவிடுவான். புத்தகம் முழுதும் முடிந்த பிறகுதான் பின்னைப் பிடுங்குவான். அதைக் கௌரவம் என்பான். நான் கிறுக்கு என்பேன்.

சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து காலுறை பின்னினேன். கண் மட்டும் அவன் பேனாமேல். ஒரு மணி ஆனது. ஐந்து விடைகள். இரண்டு மணிக்கு ஏழு. அதில் ஒன்றை அடித்துத் திருத்தியிருந்தான். அவன் பேனாவால் அடித்து நான் பார்த்ததே இல்லை.

"காபி வேணுமா?"

"பேசாத."

"பேசலை. கேட்டேன்."

"கேக்கறதும் பேச்சுதான், ஏவிஸ்."

கட்டத்தில் 'ஆறு' என்று ஒரு வார்த்தை தெரிந்தது, பிறகு எதுவும் தெரியவில்லை. அவன் நெற்றி வேர்த்திருந்தது. அடுப்பில் விறகு அணைந்து வீடு குளிர்ந்துகொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தேன். பதினான்காவது குறிப்பு: 'நில அளவையாளரின் அறுபத்தாறு அடி'. நாலு கட்டம். காலியாக இருந்தது.

எனக்கே தெரியும். சங்கிலி. இந்த ஊர்ப் பழைய நிலப்பத்திரம் ஒவ்வொன்றிலும் இத்தனை சங்கிலி, அத்தனை சங்கிலி என்றுதான் இருக்கும். கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது. அவன் அப்பா நிலம் அளக்க இழுத்த சங்கிலி இன்னும் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. அவன் பேனா அந்தக் குறிப்பை மூன்று முறை தாண்டிப் போனது.

வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவன் தோற்க வேண்டும், அப்போதுதான் டாக்டரிடம் வருவான். ஆனால் இந்தக் குறிப்பிலா தோற்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு பின்னலை எண்ணினேன். எண்ணிக்கை தப்பியது.

இரண்டே முக்காலுக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்க?"

"பாத்ரூம். அதுக்கும் உன் அனுமதி வேணுமா?"

பத்து நிமிடம் ஆனது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். எங்கேயோ கேட்ட சத்தம்தான், எது என்று பிடிபடவில்லை.

வந்து உட்கார்ந்தவன் வேறு ஆள். பேனா மழை மாதிரி ஓடியது. கீழே குறிப்புகளைப் பார்க்கவே இல்லை. நேராக மேலே கட்டத்தை நிரப்பினான், பிறகுதான் கீழே இறங்கினான். மூன்றரைக்குப் பேனாவை மூடினான்.

"முடிஞ்சுது! டாக்டருக்குப் போன் பண்ணி வேற யாராவது கிழவனைப் பாக்கச் சொல்லு."

சிரித்துக்கொண்டே விறகு எடுக்கப் பின்கதவைத் திறந்து போனான்.

புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். தொட்டேன். விடைப் பக்கங்கள் மூடித்தான் இருந்தன, பளபளக்கும் புதுப் பின் போட்டு. ஒரு தடவை அடித்திருந்தால் இரண்டு துளைதான் இருக்கவேண்டும். எண்ணினேன். பதினாறுக்கு மேல் எண்ண முடியவில்லை, ஓரம் சல்லடையாகியிருந்தது. ஜனவரியிலிருந்து சின்ன ஸ்டேப்ளரைக் காணோம் என்று நான் இழுப்பறை இழுப்பறையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை வாரமும் எனக்காக நடித்திருக்கிறான். கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

விறகைப் போட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான். புத்தகத்தை என் பக்கம் இழுத்து, பதினான்காவது விடைமேல் உள்ளங்கையை வைத்தேன்.

"எல்வின், அறுபத்தாறு அடிக்கு என்ன பேரு?"

"அதான் எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்க. சொல்லு."

"கையை எடு."

"எடுக்க மாட்டேன்."

சிரிக்கப் பார்த்தான். பிறகு வெளியே கொட்டகையைப் பார்த்தான். அவன் இரண்டு கையும் மேசைமேல் எழுந்தன. ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால், மாற்றி மாற்றி இழுத்தன, கண்ணி கண்ணியாக. அந்த அசைவில் ஒரு பிசகு இல்லை. உதடு மட்டும் அசைந்து அசைந்து நின்றது.

"அங்க ஆணியில தொங்குதே," என்றான். "அப்பாவோடது. அது."

நான் கையை எடுக்கவில்லை. அவன் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. பிறகு சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துப் புத்தகத்தின்மேல் வைத்தான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு."

"நீயே ஓட்டு," என்றான்.