பாஞ்சாலியின் சுமைதாங்கி

பாஞ்சாலியின் சுமைதாங்கியை ஜேசிபி பிடுங்கிப்போட்ட அன்று சாயங்காலம், பதினோரு வருஷமாக ஊரார் அதன்மேல் இறக்கிவைத்த பாரமெல்லாம் அவரவர் தலைக்குத் திரும்பி வந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை இறக்கியவர்களுக்கு மல்லாட்டை மூட்டையாக, விறகு இறக்கியவர்களுக்கு விறகுக் கட்டாக. கண்ணுக்குத் தெரியவில்லை, கழுத்துக்குத் தெரிந்தது. அந்த வருஷம் மல்லாட்டைக்கு நல்ல விலை.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், விக்கிரவாண்டி தாண்டி, புளியமரங்களுக்கு நடுவே நின்ற கல் அது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்தது, தோள் உயரம். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை அதன்மேல் சரித்துவிட்டு மூச்சு வாங்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போகிற பெண்ணுக்கு, அவள் பாரம் இறங்கட்டும் என்று இப்படிக் கல் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பாஞ்சாலி 1993 ஐப்பசி மழையில், நிறைமாதமாக, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே இறந்தாள். வண்டி நின்ற இடத்திலேயே அவள் புருஷன் விருத்தாசலம் கல் நட்டு, பேரையும் வருஷத்தையும் வெட்டிவைத்தான். அங்கே இறக்கி எடுத்த மூட்டை தலைக்குப் பாதியாகத்தான் கனத்தது. சந்தைத் தராசில் மட்டும் முழு எடை காட்டியது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

விருத்தாசலம் இரண்டாவதாகக் கட்டிய ருக்கு மட்டும் அங்கே சுமை இறக்கியதே இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் கல்லுக்குப் பூ வைப்பான். எவ்வளவு பெரிய கட்டாக இருந்தாலும் அவள் கல்லைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவாள். "உன் மூத்த சம்சாரம் நின்னுகினே கீறா, நான் நடந்துகினே கீறேன். எனக்கு ஒண்ணும் அவ தாங்கத் தேவல" என்பாள்.

2004இல் நாலு வழிச் சாலை போட வந்தவர்கள் புளியமரங்களோடு கல்லையும் எடுத்தார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுத் தேவயானி வெறுங்கையோடு ஏறியதும் டவுன் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்டக்டர் சீனுவாசன் லக்கேஜுக்குச் சீட்டு வாங்கச் சொன்னார்.

"மூட்ட எங்கம்மா?"

"தலைமேல கீதே, கண்ணு தெரியல?"

"தலைமேல கனகாம்பரந்தான் கீது."

"அப்ப அதுக்கே சீட்டு கிழி, போ."

அவர் கிழித்தார். பஸ் சாய்ந்தது உண்மைதானே.

ஊரில் யாராலும் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாமல் போய்விடும் என்று பயந்து நடந்துகொண்டே இருந்தார்கள். நடந்துகொண்டே கூழ் குடித்தார்கள், நடந்துகொண்டே சண்டை போட்டார்கள்.

ருக்குவின் தலைக்கு எதுவும் வரவில்லை. அவளுக்கு அப்போது ஏழு மாதம். எந்தப் பாரத்துக்காகக் கல் வைத்தார்களோ அந்தப் பாரம் அவள் வயிற்றில் போய் இறங்கியது. பத்தாம் மாதம் கடந்தது, பதினோராவது மாதமும் வந்தது, வலி வரவில்லை. ஸ்கேனில் ஒரு பிள்ளைதான் தெரிந்தது. ஆனால் அவள் படுத்தால் கட்டில் கயிறு அறுந்தது.

"இது ஒரு புள்ள பாரம் இல்லய்யா" என்றாள் விருத்தாசலத்திடம். "இப்பிடியே போனா நானும் வண்டியிலதான் போவேன். ஜல்தியா அந்தக் கல்ல எங்கன்னு பாரு."

கல் காண்ட்ராக்டர் கேம்ப்பில் தண்ணீர் டேங்குக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. விருத்தாசலம் கெஞ்சி வாங்கிவந்து வயல் ஓரத்தில் நட்டான். பாரம் இறங்கவில்லை, பாஞ்சாலி செத்தது வயல் ஓரத்தில் இல்லை. அவள் செத்த இடம் இப்போது இரண்டு சாலைகளுக்கும் நடுவே, அரளி வைக்க மண் கொட்டிய மேட்டில் இருந்தது. அங்கே கல் நடக்கூடாது என்றார் இன்ஜினியர்.

ஜேசிபி ஓட்டும் முகையூர் சவுரிராயன் அவரிடம் போய் நின்றான். "சார், அந்தக் கல்லப் பிடுங்கினதுலருந்து என் வண்டி தோளுக்கு மேல கை தூக்க மாட்டேங்குது. ஒரே பேஜாரா கீது. நானே கொண்டுபோய் நட்டுடறேன்."

வேலை மாதக்கணக்கில் நின்றிருந்தது. இன்ஜினியர் யோசித்தார். "கறுப்பு மஞ்சள் பெயிண்ட் அடிச்சுடு. கேட்டா ரோட்டு சாமான்னு சொல்லிக்கலாம்."

சவுரிராயன் நட்டு முடித்ததும், குனிந்த கழுத்துக்காரர்கள் இரண்டு பக்கமும் கை காட்டி லாரிகளை நிறுத்தினார்கள். ருக்கு ஒரு மல்லாட்டை மூட்டையைத் தூக்கித் தன் தலையில் வைக்கச் சொன்னாள்.

"அடிப்பாவி, இந்த வயித்தோட எதுக்குடி மூட்ட?" என்றாள் தேவயானி.

"சும்மா போய் நின்னா அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

கல்லுக்கு எதிரே வந்தும் ருக்கு கொஞ்ச நேரம் கால் மாற்றி மாற்றி நின்றாள். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. கடைசியில் மூட்டையைக் கல்லின்மேல் சரித்து, "அக்கா, செத்த புடி" என்றாள்.

வலி அப்போதே வந்தது. பெண்கள் புடவைகளைப் பிடித்து மறைத்துக்கொண்டார்கள். பிறந்தது ஒரு பெண். அழுகை இரண்டு கேட்டது. தேவயானி இரண்டு கொடி அறுத்து, இரண்டு துணி விரித்தாள். ஒன்றில் பிள்ளை கிடந்தது. மற்றதில் எதுவும் இல்லை, ஆனால் துணி குழிந்து, சூடாக இருந்தது. ருக்கு அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துக் கல்லின்மேல் வைத்தாள். ஊரார் வரிசையில் வந்து தங்கள் பாரத்தை இறக்கினார்கள். ஜேசிபி கையை மேலே தூக்கியது. லாரிகள் போயின.

பிள்ளைக்குக் காயத்ரி என்று பெயர். இப்போது வீட்டு வாசலுக்கே ஷேர் ஆட்டோ வருகிறது. ருக்கு ஆனாலும் மூட்டையோடு நாலு வழியையும் தாண்டி, நடுவில் ஒரு தரம் இறக்கிவிட்டுத்தான் சந்தைக்குப் போகிறாள். பொங்கலுக்குப் பாவாடை சட்டை இரண்டு ஜோடி தைக்கிறாள். இரண்டாவது ஜோடிக்கு டெய்லர் அளவு கேட்பதில்லை. அந்த ஜோடியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு வருவாள். அடுத்த பொங்கலுக்கு அது அங்கேயே, துவைத்து மடித்து, முழங்கை தேய்ந்து இருக்கும். அந்தப் பழசைக் காயத்ரி வீட்டில் போட்டுக்கொள்கிறாள். அவளுக்கு அது எப்போதும் கொஞ்சம் நீளம்.