சட்டையோடு பேசிய அம்மா

கதவுக்கு வெளியே அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் நாலு வயது மகள். வீட்டில் வைத்த பட்டப்பெயர் பட்டாணி. உள்ளே எங்கள் பள்ளித் தலைவரான பெரியவர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, பேச்சு வராத பிள்ளைகளைச் சேர்க்கும் தனி வகுப்புக்கான தாளில் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். போட்டால் தீர்ந்தது. சின்னப் பிள்ளைகளின் பேச்சை ஆராயும் எங்கள் பாலர் பள்ளியில், தனி வகுப்புக்குப் போன பிள்ளை அவ்வளவு லேசில் திரும்பி வந்ததில்லை.

“பள்ளியில வாயே தொறக்கல. வீட்டுப் பதிவுலயும் அவ பேச்சு இருக்குன்னே சொல்ல முடியாது. இன்னும் என்ன யோசனை?” என்றார்.

வீட்டுப் பதிவு எங்கள் ஏற்பாடு. பிள்ளைக்கு ஒரு சட்டை போட்டு அனுப்புவோம். அதன் பையில் சின்ன ரெக்கார்டர். வீட்டில் யார் எவ்வளவு பேசினார்கள் என்று கம்ப்யூட்டர் பிரித்து வரைபடம் போட்டுக் கொடுக்கும். படத்தைப் பார்ப்பதோடு சரி. உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம்?

எனக்கு மனசு கேட்கவில்லை. காலையில் அந்த அம்மாவின் தொண்டை கட்டியிருந்தது. “நீங்க சொன்ன மாதிரியே பேசினேன் மேடம், ஒரு நிமிஷம் வாய மூடல,” என்றாள். பிள்ளையோடு நிறையப் பேசுங்கள் என்று அவளுக்குச் சொன்ன புண்ணியவதி நான்தான்.

“கொஞ்சம் பொறுங்க சார்,” என்று ஹெட்போனை மாட்டினேன்.

அடேயப்பா! “இது செருப்பு. சிவப்புச் செருப்பு. வேற என்ன சிவப்பு? ரோஜா சிவப்பு! இப்ப கதவைத் தொறக்கலாமா? தொறந்தாச்சு!” கேள்வியும் அவளே, பதிலும் அவளே. நடுவில் “ம்மா, நான்...” என்று ஒரு குரல் எழுந்தது. “ஆமா, ஜன்னல்! ஜன்னல் வழியா என்ன தெரியுது?” அதோடு அந்தக் குரல் அடங்கிப்போனது.

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதிவை முன்னால் ஓட்டினேன், இன்னும் ஓட்டினேன். குளிக்கிற நேரம். சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டுகிற சத்தம். “அப்பாடா!” என்றாள் அம்மா. “துண்டு எடுத்துட்டு வரேன், அசையாம நில்லு.”

பிறகு தள்ளி எங்கோ, கம்ப்யூட்டர் கணக்கில் சேர்க்காத அளவுக்கு மெல்லிய குரல்.

ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டேன். அம்மாவையும் மகளையும் உள்ளே கூப்பிட்டு, அந்த இடத்தை ஸ்பீக்கரில் வைத்தேன்.

“வாளி, உனக்குத் தெரியுமா? இன்னிக்கு அம்மா சட்டைகூடவே பேசுறாங்க. அது பள்ளியிலேருந்து வந்த சட்டையாம், நாளைக்குப் போயிடுமாம். போனதும் என்கூடப் பேசுவாங்க. நான் ஒரு கதை வெச்சிருக்கேன். அதுவரைக்கும் உனக்குச் சொல்லட்டுமா?”

அந்த அம்மாவின் கை வாய்க்குப் போனது.

“ஒரு துண்டுப் பதிவ வெச்சு நாம எப்படி...” என்று பெரியவர் ஆரம்பித்தார்.

“சும்மா இருங்க சார்!” கத்தியேவிட்டேன்.

அவள் தரையில், மகளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள். காத்திருந்தாள். பேனா இன்னும் தாள்மேல்தான் இருந்தது. பேசு பட்டாணி, பேசு.

பட்டாணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். தன் சட்டைப் பையைத் தடவினாள். அது காலியாக இருந்தது.

“ஒரு ஊர்ல ஒரு வாளி இருந்துச்சாம்,” என்றாள்.

பெரியவர் பேனாவை மூடினார்.