கணினிக்கு உடுப்புத் தைத்தவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. ஒலுவில் ஊரின் கடலரிப்பைப் பற்றிக் கனமான கதை ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி:

"கடல் அன்றைக்கும் ஒரு தென்னையை

அவ்வளவுதான். திரை கறுத்தது. கணினி தானாக நின்று தானாகத் தொடங்கியது.

"அன்றைக்கும் கடல் ஒரு

மறுபடியும். இருபது நிமிடம் யோசித்து ஒரு வரி எழுதுகிறவள் நான். கணினியும் இருபது நிமிடத்துக்கு ஒருதரம் நிற்கிறது. ஒரு வாரத்தில் ஒன்பது ஆரம்பங்கள் போயின. (ஒன்பதும் அருமையானவை. போனதெல்லாம் அருமைதானே.) கடைசியில், மூதேவி, உன்னைப் பற்றியே எழுதுகிறேன் என்று இதைத் தொடங்கினேன்.

2

பாத்திரங்கள் மூன்று. கல்முனைக்குடியில் இருந்து எழுதும் பஸ்மினா, அதாவது நான். பஸாரில் தையல்கடை வைத்திருக்கும் என் கணவர் பஹ்மி. கணினி திருத்தும் பாண்டிருப்புக் கிசோக்.

கிசோக் ரெம் (RAM) என்ற நினைவகத்தைக் கழற்றித் துடைத்தார். பவர் சப்ளையை மாற்றினார். வைரஸ் தேடினார். தன் கடையில் இரண்டு நாள் ஓட விட்டார், ஒருதரமும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய குணம்.

"கறண்ட்தான் புள்ள, கூடிக் குறையுது," என்றார் பஹ்மி.

பஹ்மி தையல்கடையில் இருந்த நேரம் கிசோக் வீட்டுக்கே வந்தார். கணினிப் பெட்டியைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"அக்கா, இதுக்கு ஆரு உடுப்புப் போட்டது?"

"அவருதான் தைச்சவரு."

"வடிவாத்தான் கிடக்கு. ஆனா சூடு போற ஓட்டையெல்லாம் மூடிக் கிடக்கே! அதான் நிண்டு நிண்டு வருகுது. கழட்டி எறியுங்க."

கிசோக்கின் கடைக்குக் கொண்டுபோகும்போது அழுக்காகிவிடும் என்று நான்தான் உடுப்பைக் கழற்றி மடித்து வைப்பேன். அதனால் கிசோக் அதை அதுவரை கண்டதில்லை. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் கொதிக்கிற கேத்தல் மாதிரிச் சுட்டது.

3

அந்த உடுப்பை வாசகருக்குக் காட்ட வேண்டும். (விவரணை எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) பெண்களின் அபாயா அங்கி தைக்கும் துணி. உள்ளே பஞ்சு வைத்த உள்துணி. பொத்தானை அமர்த்த அளவெடுத்து ஒரு துளை. வயர்கள் வெளியே வரப் பின்னால், காற்சட்டைக்கு வைப்பது போல, இழுத்துத் திறக்கும் ஒரு சிப். ஹஜ்ஜுப் பெருநாள் உடுப்புகள் குவிந்து கிடந்த நேரம், சனம் கடையில் வந்து சண்டை பிடித்தது. அவர் முதலில் தைத்தது இதைத்தான்.

"உப்புக் காத்துல துருப்புடிச்சிப் போனா நீ என்னத்துல எழுதுற?" என்றார்.

என் ஒரு கதையையும் அவர் வாசித்ததில்லை. "எனக்கு விளங்காது புள்ள," என்பார். எனக்கு இந்த மனிசன் மேல் உயிர். இருபத்திரண்டு வருடத்தில் வெட்கத்தில் இதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இப்போது அவர் தைத்ததுதான் பிழை என்று எப்படிச் சொல்வது?

4

முடிவுகள்.

(அ) நேரே சொல்வது. "அப்பிடியா?" என்று சிரிப்பார். இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. வேண்டாம்.

(ஆ) அவர் போனதும் கழற்றி, வரும்போது போடுவது. பத்து நாளாக இதைத்தான் செய்கிறேன், கள்ளி மாதிரி. நேற்று, "பாத்தியா, கறண்ட் சரியாப் போச்சு!" என்று அவர் மகிழ்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

(இ) கிசோக்கை விட்டுச் சொல்ல வைப்பது. சீ, புருஷனிடம் நான் சொல்ல வேண்டியதை

5

(அவர் வரும் சத்தம் கேட்டு அப்படியே விட்டு உடுப்பைப் போட்டுவிட்டேன். இதைக் குசினி வாசலில், அடுப்படிப் பக்கம் இருந்து அவரைப் பார்த்தபடி, கொப்பியில், பேனையால் எழுதுகிறேன்.)

இன்று ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டவரிடம், "இஞ்சாருங்க, இந்தக் கதைய மட்டும் ஒருக்கா வாசிங்க," என்றேன்.

"எனக்கு விளங்குமா?"

"உங்களப் பத்தினதுதான்."

ஆளுக்கு ஒரே வெட்கம். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். உடுப்பு இன்னும் கணினியில் போட்டபடிதான் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்றால் பொய். அவர் முன்னால் கழற்ற மனம் வரவில்லை. திரையில் விரலை வைத்துச் சொல் சொல்லாக வாசிக்கிறார். 'மூதேவி' என்று எழுதிய இடத்தில் சிரித்தார். தன் பெயரைக் கண்டதும் திரும்பி என்னைப் பார்த்தார்.

இப்போது கிசோக் பேசும் இடத்துக்கு வந்துவிட்டார். சிரிப்பைக் காணோம். விரல் "கழட்டி எறியுங்க"வில் நிற்கிறது.

அல்லாஹ்வே, அடுத்த பகுதிக்குள் போவதற்கிடையில் கணினி நின்றுவிட்டால்? பிழையை மட்டும் வாசித்தவராக எழும்பிப் போவார். (வரிசையை மாற்றி எழுதியிருக்கலாம். இனி யோசித்து என்ன.)

அவர் வாசிக்கத் தொடங்கிப் பதினெட்டு நிமிடம் ஆகிறது. எனக்கு வாய் வரவில்லை. வாசகரே, மூன்றாம் பகுதியின் கடைசிப் பந்தியை நீங்கள் வாசித்துவிட்டீர்கள், அவர் இன்னும் வாசிக்கவில்லை. அதில் இருப்பதை அவரிடம் கொஞ்சம் சொல்லிவிடுங்களேன்.