பாஸ்வேர்டுக்கு முன்னால் ஒரு படம்

கண்ணாடிக்காரருக்குக் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. மகனின் அறைக்குப் போய், மேஜைக்குக் கீழே குனிந்து, கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்துவார். அது உறுமி, கறுத்து, யோசித்து, ஒரு வழியாக விழித்துக்கொள்ளும். பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்னால் திரை முழுக்க ஒரு படம் வரும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பாஸ்வேர்டு வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், அவர் அதைப் போட்டு உள்ளே போனதே கிடையாது.

"இங்க வந்து பாரு" என்று மனைவியைக் கூப்பிடுவார். "இன்னைக்கு மலை. பனி கொட்டிக் கிடக்கு. இவன்கிட்ட ஸ்வெட்டர் இருக்கோ என்னவோ."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்ப்பாள். "இருக்கும்" என்பாள். வேறென்ன சொல்வது?

மகன் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வந்து நின்றான். "இனிமே என் மூஞ்சிலயே முழிக்காதே" என்று இவர் கத்தினார். கோபம் வந்தால் எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். எந்த வீட்டுப் பிள்ளையும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை, ராத்திரி அதே அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறது. இவன் மட்டும் பாருங்கள், வாழ்நாளில் முதல் தடவையாக அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளையாகிவிட்டான். விடிந்து பார்த்தால் ஆளில்லை. இரண்டு செட் துணியைக் காணோம். போன் மட்டும் தலையணை மேல் கிடந்தது.

போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் கேட்டார்கள். அடையாளம் தெரியாத உடல் ஒன்று வந்திருக்கிறது என்று இரண்டு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் அவள்தான் உள்ளே போய்ப் பார்த்தாள். அவர் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டும் அவனில்லை. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள்.

முதல் எட்டு நாள் கண்ணாடிக்காரர் தண்ணீரைத் தவிர எதையும் ஒழுங்காகத் தொடவில்லை. ஒன்பதாம் நாள் ஏதாவது எழுதி வைத்திருப்பானோ என்று கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் ஓர் அருவி. உள்ளே போய்த் தேடியது அவள்தான், ஒன்றும் இல்லை. மறுநாள் போட்டால் பாலைவனம். அருவி எங்கே போனது? யார் மாற்றினார்கள்? மகனின் சிநேகிதன் ஒருவனுக்குப் போன் போட்டார். அவன் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு முழுசாகப் பேசுகிற ரகம். "அது அவன் அக்கவுண்ட்தானே அங்கிள், அவன் எந்த மெஷின்ல மாத்தினாலும் இங்கயும் மாறும்" என்று சொல்லி வைத்துவிட்டான். அது போதுமே! அன்று மத்தியானம் அவர் தட்டில் இருந்ததைத் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

அவளுக்கு அது என்ன சங்கதி என்று அன்றைக்கே தெரியும். அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடிப்பவள். அங்கே மூன்று கம்ப்யூட்டர்கள். காலையில் போட்டால் மூன்றிலும் அதே அருவி, அதே பாலைவனம். படம் எங்கிருந்தோ தானாக வருகிறது, தினம் மாறுகிறது, உலகத்துக்கே மாறுகிறது. சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் எட்டு நாள் பட்டினி கிடந்த மனுஷன் எதிரில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த நாளைக்குத்தான் எட்டு மாதமாக வந்துகொண்டே இருக்கிறது.

அவர் ஒரு நோட்டு வாங்கினார். தேதி போட்டு, படத்தை எழுதி, பக்கத்தில் தன் யோசனையையும் எழுதினார். 'பாலம். பெரிய ஊர். வேலை கிடைத்திருக்கும்.' 'மஞ்சள் பூ. மனசு நன்றாக இருக்கிறான்.' 'மழை. ஜாக்கிரதை.' ஒரு நாள் பென்குவின் கூட்டம் வந்தது. இன்றைக்கு மனுஷன் மாட்டிக்கொண்டார், இதோடு தெளிந்துவிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, "கப்பல்ல சேர்ந்திருக்கான்" என்றார். பென்குவினுக்கே பதில் வைத்திருப்பவரை என்ன செய்ய முடியும்?

தன் கண்ணாடிக் கடையில் அவர் வேறு மனுஷன். ஜன்னலுக்குக் கண்ணாடி அறுத்தால் ஒரு நூல் பிசகாது. அளவை இரண்டு தடவை எடுப்பார், வாடிக்கையாளர் சொல்லும் அளவை நம்பவே மாட்டார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் பாஸ்வேர்டுக்கு முன்னால் வரும் படத்தை மட்டும் அளக்காமல் நம்பினார்.

பிரச்சினை எங்கே தொடங்கியது என்றால், அவருக்குப் பதில் போட வேண்டும் என்று தோன்றியதில்தான்.

"அவனே எத்தனை நாளைக்கு அனுப்பிட்டு இருப்பான்? நாமளும் ஒரு படம் வைக்கணும். இங்க மாத்தினா அங்கயும் தெரியும்ல?"

"அதெல்லாம் எனக்கு வராதுங்க."

"லேப்ல இத்தனை வருஷமா கம்ப்யூட்டர்லதானே குப்பை கொட்டுறே? ஒரு படம் வைக்கத் தெரியாதா?"

தெரியும். செட்டிங்ஸில் போய் இரண்டு இடத்தில் அமுக்கினால் முடிந்தது. ஆனால் அதற்கப்புறம் நடப்பதும் அவளுக்குத் தெரியும். நம் படத்தை வைத்த நிமிஷத்திலிருந்து தானாக வரும் படங்கள் நின்றுவிடும். மலையும் வராது, கடலும் வராது. இவர் முகம் மட்டும் தினம் தினம் இவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அவள் ஒரு வாரம் சாக்குச் சொல்லிப் பார்த்தாள். வேலை இருக்கிறது, தலைவலி, நெட் வரவில்லை. அவர் விடுகிற மாதிரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுடன் வாசலில் வந்து நின்றார். கல்யாணப் படத்திலேயே கீழே பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். இன்றைக்கு, "கண்ணு நல்லாத் தெரியற மாதிரி எடு" என்றார். அவள் போனில் ஏழு தடவை எடுத்தாள். ஒன்றில் கண்ணை மூடியிருந்தார், ஒன்றில் போலீசில் பிடித்து வைத்த ஆள் மாதிரி விறைத்திருந்தார்.

"ஏதாவது எழுதிக் கையில பிடிச்சுக்கிறீங்களா? வீட்டுக்கு வான்னு?"

"எழுத்தெல்லாம் வேணாம். என் மூஞ்சி தெரிஞ்சாப் போதும். அன்னைக்கு முழிக்காதேன்னேன்ல? இப்ப முழிக்கட்டும்."

இதைக் கேட்டதும் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. நேரம் கெட்ட நேரத்தில் அவர் சிரித்தார். எட்டாவது படத்தில் அந்தச் சிரிப்பு நன்றாக விழுந்துவிட்டது. அவள் அதையே எடுத்துக்கொண்டு போய்த் திரையில் வைத்தாள். தன் கையாலேயே வைத்தாள்.

மறுநாள் காலையில் வீடே அதிர்ந்தது. "மாத்தல! பாத்தியா, மாத்தவே இல்ல! அப்பா மூஞ்சி இருக்கட்டும்னு வச்சிருக்கான்!" அன்று கடைக்குப் போகிற வழியில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் நின்று பேசினாராம். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள், "வேலை ஜாஸ்தியா இருக்கும்" என்றார். ஆறாம் நாள் அவளைக் கூப்பிடாமலேயே கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு வந்தார்.

நோட்டில் 'நான்' என்று எழுதினார். அடுத்த வரியிலும் 'நான்'. ஒரு பக்கம் முழுக்க அப்படியே போயிற்று.

பன்னிரண்டாம் நாள் கடையில் ஒரு அலமாரிக் கண்ணாடியை ஒரு விரல் அகலம் குறைத்து அறுத்துவிட்டார். இரண்டாவதையும் அதே மாதிரி அறுத்தார். வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளி வைத்தார்.

"பாத்துட்டான். பதில் சொல்ல அவனுக்கு இஷ்டமில்ல."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க."

"இல்லன்னா மாத்த முடியாத மாதிரி அவனுக்கு ஏதோ ஆயிருக்கணும். தினம் மாத்தினவன் திடீர்னு ஏன் நிறுத்தணும்? ரெண்டுல ஒண்ணுதானே?"

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் அவள் லேபுக்கு மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டு, மகனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பழையபடி தானாக மாறும்படி வைத்துவிட்டால்? நாளைக்கே ஏதாவது கடலோ காடோ வந்துவிடும். மவுஸைப் பிடித்த பிறகுதான் உறைத்தது. கடல் வந்தால் இவர் என்ன நினைப்பார்? அப்பா முகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டான் என்று நினைப்பார். வைத்திருந்தாலும் அடி, எடுத்தாலும் அடி. ஒரு பொய்யை எட்டு மாதம் சோறு போட்டு வளர்த்தது அவள்தான், இப்போது அது எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரைத்தான் கடிக்கப் போகிறது. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. படத்தை மாற்றாமல் எழுந்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை, "என்கூட லேபுக்கு வாங்க, ஒரு பத்து நிமிஷம்" என்றாள். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். இல்லை என்றாள். சந்தேகத்தோடுதான் வந்தார்.

சாவி அவளிடம் இருந்தது. இன்னும் யாரும் வரவில்லை. மருந்து வாடையும் பினாயில் வாடையுமாக இருந்தது. அவள் மூன்று கம்ப்யூட்டர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். மூன்றும் விழித்தன. மூன்றிலும் ஒரே கலங்கரை விளக்கம், ஒரே அலை, ஒரே சாம்பல் வானம்.

கண்ணாடிக்காரர் முதல் திரைக்கு முன்னால் குனிந்தார். பிறகு இரண்டாவதுக்குப் போனார். மூன்றாவதுக்குப் போய்விட்டு மறுபடியும் முதலாவதுக்கு வந்தார். அளவு சரிபார்ப்பவர் மாதிரி, ஒவ்வொன்றிலும் அந்த விளக்கின் உயரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு மாத்துறது?"

"யாருமில்லைங்க. தானா வரும். தினமும் வரும். எல்லாருக்கும் வரும்."

"நம்ம வீட்டுலயும்?"

"நம்ம வீட்டுலயும் அப்படித்தான். உங்க படத்தை வச்சதும் நின்னுடுச்சு. நான்தான் நிறுத்தினேன். பயலுக்கு ஏதோ ஆச்சுன்னும் அர்த்தமில்ல, கோவிச்சுக்கிட்டான்னும் அர்த்தமில்ல. அவன் அதைப் பாக்கவே இல்லைங்க."

"அந்த மலை?"

"இங்கயும் வந்துச்சு."

"பென்குவின்?"

"மூணுலயும் வந்துச்சு."

அவர் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ரத்தம் கொடுக்க வருபவர்கள் உட்காரும் நாற்காலி அது, கை வைக்கப் பலகை இருக்கும். தெரியாமலேயே கையை அதன் மேல் நீட்டி வைத்துக்கொண்டார்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் நாள்லேர்ந்தே தெரியும். நீங்க அன்னைக்குத்தான் சாப்பிட்டீங்க. அதான்..."

கத்துவார் என்று காத்திருந்தாள். எட்டு மாதம் என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்தாயா என்று கேட்பார், கேட்கட்டும், நாலு வார்த்தை திட்டட்டும், எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் கூட்டி வந்திருந்தாள். அவர் கத்தவில்லை. திரைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் வாயில் வராத கேள்வி அப்போதுதான் வந்தது.

"அப்ப அவன் எங்க இருக்கான்?"

அந்தக் கேள்வியை அவள் எட்டு மாதமாகத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சமைக்கும்போது, ரிப்போர்ட் அடிக்கும்போது, அந்த இரண்டு உடல்களின் மேலிருந்த துணியை விலக்கும்போது. கூட இன்னொருத்தர் சேர்ந்து கேட்டால் கொஞ்சமாவது பாரம் இறங்கும் என்று நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்திருந்தாள். இறங்கவில்லை.

"சொல்லு, எங்க இருக்கான்?" என்று அவர் மறுபடியும் கேட்டார், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பது போல.