கொடுக்கு இல்லாத குளவி

சின்னப் பிள்ளையின் கைக்கு அவ்வளவு பலம் உண்டென்று அனுஷ்காவைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. காலையில் பிள்ளைக் காம்பரா வாசலில் தன் அம்மா ஜெயந்தினியின் படங்கைப் பிடித்தால் பிடித்ததுதான், உடும்புப் பிடி. தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த ரப்பர் சீலைதான் படங்கு. அதில் ஒரு மூலையைக் கையில் சுருட்டிக்கொண்டு, "போகாத ம்மா, குளவி கொட்டும்" என்று லயத்து வீடுகளே எழும்பி வரும்படி கத்துவாள்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. வாசலில் அழாத பிள்ளை இல்லை. அம்மா கண்ணுக்கு மறைந்ததும் பிஸ்கட் கேட்பார்கள். அனுஷ்கா அப்படி இல்லை. அவள் பிடியை விடுவதற்குள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் கலைந்து, பேர் எழுதி முடித்து, ஆட்கள் மலைக்குப் போயிருப்பார்கள். பிந்திப் போகிறவளுக்கு அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம். சில நாள் ஜெயந்தினி அதற்கும் போகாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிடுவாள்.

பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது. போன மாதம் ஏழாம் நம்பர் மலையில் மரத்துக் கூட்டிலிருந்து குளவி கலைந்து ஜெயந்தினியை மொய்த்துவிட்டது. இங்கே குளவி என்பது பெரிய மலைத்தேனீ, கொட்டினால் கொடுக்கு உடம்பிலேயே நின்றுவிடும். லயத்துக்குத் தூக்கி வந்து, லொறி வரும்வரை வாசலில் உட்காரவைத்து, மலைக்குப் போகிறவர்களில் மூத்தவளான அம்மாக்கண்ணு நகத்தால் கொடுக்குகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். அனுஷ்கா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வீக்கம் வற்றி, வேலைக்குப் போகலாமென்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் வாசலைத் தாண்ட முடியவில்லை. மூக்கன் கங்காணி என்னிடமே வந்து சொன்னார்.

"டீச்சர், நா எத்தன நாளைக்குப் பொத்தி வைக்க? இந்த மாசமும் இப்புடியே போனா செக்ரோல்ல பேர வெட்டிருவாங்க. பேரு போனா குடியிருக்கிற காம்பராவையும் திருப்பிக் கேப்பாங்க. அந்தப் புள்ளைக்கிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க."

ஜெயந்தினியின் புருஷன் நிரஞ்சன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அவன் அனுப்புவதை மட்டும் வைத்து அடுப்பெரிக்க முடியாது. இருக்கிற ஒரு காம்பராவும் போனால் இவர்கள் எங்கே போவார்கள்? எனக்கு அனுஷ்காமீதுதான் ஆத்திரம் வந்தது. பயத்தைக் கையில் கொடுத்துப் பழக்கிவிட்டால் போயிற்று, ஒரு குளவி பின்னிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்குக் குரோஷே தெரியும். கோயில் சிஸ்டர்மார் சொல்லித் தந்தது. குளிர் காலத்தில் இங்கே உள்ள கைக்குழந்தைகள் தலையில் இருப்பதெல்லாம் நான் பின்னிய குல்லாக்கள்தான். பூச்சி பின்னியதில்லை. போனில் தேடினேன். வெள்ளைக்காரி ஒருத்தி மஞ்சளும் கறுப்புமாய்ப் பின்னிக் காட்டினாள். பார்த்தால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. குல்லாவை உச்சியில் தொடங்கி விரித்துக்கொண்டே போவோம். இதில் விரித்த பிறகு திரும்பக் குறுக்கி, பஞ்சை அடைத்து வாயை மூட வேண்டும். மூடிய குல்லாதான் பூச்சியின் வயிறு. இரண்டு றெக்கை, இரண்டு கண், ஒரு சிரிப்பு. எனக்கே பிடித்துப்போனது.

பகலில் பால் கொடுக்க வந்த பெண்களிடம் காட்டினேன். கூட வந்திருந்த அம்மாக்கண்ணு வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் பயம் என்பதே கிடையாது. குளவியைப் பற்றிக் கேட்டால், "அது பாட்டுக்கு அது, எம் பாட்டுக்கு நானு" என்பாள்.

"என்னாம்மா இது, லட்டுக்கு றெக்க மொளச்சிருக்கு?"

"குளவி."

"குளவி சிரிக்குமா? வந்து கொட்டிப்புட்டுச் சிரிக்கும்போல!"

எல்லோரும் சிரித்தார்கள். அனுஷ்கா வாங்கிப் பார்த்தாள், சிரிக்கவில்லை. "இது டீவியில வர்றது" என்று சொல்லி, பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே என் வீட்டுக்காரர் சூசைரட்ணத்தின் பழைய பழுப்புச் சுவெட்டரைப் பிரித்தேன். முழங்கை கிழிந்தது என்றாலும் மனுஷனுக்கு அது பாசமான சுவெட்டர். எங்கே என்று கேட்டபோது, "குளவியாப் போச்சு" என்றேன். என் குணம் தெரிந்தவர், மேற்கொண்டு கேட்கவில்லை.

இந்த முறை போனைப் பார்க்கவில்லை. நானும் இந்த மலையில் பிறந்தவள்தானே, குளவி எனக்குத் தெரியாதா? உடம்பை நீளமாக இழுத்தேன். இடுப்பை இறுக்கினேன். றெக்கையைப் பின்னால் சாய்த்துத் தைத்தேன். பறக்கும்போது தொங்குமே அந்தக் கால்களை, சங்கிலித் தையலில் தொங்கவிட்டேன். சிரிப்பு இல்லை. கொடுக்கும் வைக்கவில்லை. பிள்ளைக்கு எதற்கு அது, மற்றதே போதும் என்று வாலை மழுக்கி மூடிவிட்டேன்.

அனுஷ்கா அதைக் கையில் வாங்கவே வெகுநேரம் ஆயிற்று. வாங்கியதும் தலையைப் பார்க்கவில்லை, கவிழ்த்து வாலைத்தான் பார்த்தாள்.

"கொடுக்கு எங்க டீச்சர்?"

பார்த்தீர்களா, இதுவும் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். நாளைக்கு வைத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே தலையை ஆட்டினாள்.

"அம்மாக்கண்ணு பாட்டி புடுங்கிட்டாங்க. இது அம்மாவக் கொட்டி முடிச்ச குளவி."

கொடுக்கு வைக்கிற யோசனையை அதோடு விட்டேன். எனக்கு அது லேசில் நடக்கிற காரியமில்லை.

மறுநாள் காலை அனுஷ்கா ஒரு கையில் குளவியோடு வந்தாள். மறுகை வழக்கம்போலப் படங்கில் இருந்தது. வாசலில் நின்றாள். அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். "போய்ட்டு வா ம்மா" என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டாள்.

எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. "ஓடு தங்கச்சி, பெரட்டுக்கு நேரமிருக்கு, முழுப் பேருதான் இன்னிக்கு!" என்றேன்.

ஜெயந்தினி நகரவில்லை. மற்றப் பெண்கள் எங்களைத் தாண்டி நடந்தார்கள். இவள் படங்கின் அந்த மூலையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னாடி?"

"அவ விட்டுட்டா அக்கா."

"விட்டாத்தானே போலாம்?"

"அவ புடிச்சிக்கிட்டு நின்னா நா நிக்கலாம். இப்ப என்னா சொல்லிக்கிட்டு நிக்கிறது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கொழுந்து மூட்டையைச் சுமந்து மலை இறங்குகிறவளால் ஒரு சின்னப் பிள்ளையின் விரலைப் பிரிக்க முடியாதா? இத்தனை நாளும் அவள் பிரித்துப் பார்க்கவே இல்லை. நானோ பிள்ளையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

"கண்ண மூடுனா இரைச்சல் கேக்குதுக்கா. அந்த மரம் இன்னும் அங்கதான் நிக்கிது. எல்லாரும் போறாங்க, எனக்கு மட்டும் கால் வர மாட்டேங்குது. வெக்கமா இருக்கு."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் தோளைப் பிடித்தேன். அனுஷ்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குளவியை அம்மாவின் படங்கு மடிப்புக்குள் திணித்தாள்.

"நீ வச்சுக்க ம்மா. அது கொட்டி முடிச்சிருச்சு."

ஜெயந்தினி அன்றைக்குப் போனாள். பெரட்டுக் கலைந்த பிறகுதான் போனாள், அரைப் பேர்தான் விழுந்தது. மூக்கன் கங்காணி அவளை மரம் இல்லாத பக்கத்துத் தேயிலை நிரையில் விட்டாராம். சாயங்காலம் திரும்பி வந்தபோது குளவி பனியில் ஊறிக் கனத்திருந்தது. அனுஷ்கா அதைப் பிழிந்து அடுப்போரம் காயவைத்தாள். காலையில் மறக்காமல் எடுத்து மடிப்பில் செருகினாள். அன்றிலிருந்து முழுப் பேர்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி, என் வீட்டுக்காரரின் மற்றச் சுவெட்டருக்கும் நிம்மதி. ஒரு வாரத்தில் பூரணி வந்தாள். "அக்கா, எம் மகனும் கேட்டு அழுவுறான், ஒண்ணு பின்னிக் குடுங்க" என்றாள். மகன் கொழுந்து லொறியைத் தவிர வேறு விளையாட்டுச் சாமானைத் தொடமாட்டான் என்பது எனக்குத் தெரியும். அடுத்து மீனம்மா வந்தாள், மகளுக்கென்று. மகள் பெரிய பள்ளிக்கூடத்தில் ஓ லெவல் படிக்கிறாள். மூக்கன் கங்காணி வந்து பேத்திக்கு என்றார். பேத்தி இருப்பது வேறு ஊரில், வலப்பனையில். கொடுத்த குளவிகளில் ஒன்றைக்கூட எந்தப் பிள்ளையின் கையிலும் நான் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு சாயங்காலம், பிள்ளைகளெல்லாம் போன பிறகு, அம்மாக்கண்ணு வந்தாள். கூட்டுகிறேன் என்று விளக்குமாற்றை எடுத்தாள், வைத்தாள். மழை வரும்போல இருக்கிறது என்றாள். வானம் தெளிவாக இருந்தது.

"ஏம்மா மார்கிரட்டு, எனக்கும் ஒண்ணு வேணும். புள்ளைக்கி."

அம்மாக்கண்ணுவுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளையும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை. அது இந்தத் தோட்டத்து நாய்க்குக்கூடத் தெரியும். எந்தப் பிள்ளைக்கு என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, நூல் பையை இழுத்து ஊசியை எடுத்தேன்.

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"கொடுக்கு மட்டும் வச்சிறாத தாயி."